என் பொட்டாஷும் சம்பந்தியின் மாத்திரையும்

சின்னமனூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு நிறைந்த மாப்பிள்ளை வேல்பாண்டிக்கு, உன் மச்சான் முத்துக்கருப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான், உன் அக்கா மூக்கம்மாள், தோட்டத்து வாழை எல்லாம் சௌகரியம். ஓசூரில் நீயும் வீட்டாரும் உன் கம்பெனியும் அதேபோல் சௌகரியமாக இருக்க பூலாநந்தீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

வேண்டுதல் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ உன் அக்காளுக்குப் போன் செய்து, "மச்சான் வாயக் கட்டியிருந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லையே" என்று திருவாய் மலர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். ஓசூரில் லேத்துப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிற மனிதனுக்குச் சின்னமனூரில் கிடக்கிற என் உடம்புக்குள் நடப்பது தெரிந்திருக்கிறது. போனில் பதில் சொல்லலாம் என்றால் நான் இரண்டு வார்த்தை சூடாகப் பேசியதும் உனக்கு டவர் கிடைக்காமல் போய்விடும். கடிதத்துக்கு டவர் வேண்டாம். உட்கார்ந்து படி. சொந்தக்காரர்கள் மத்தியில் என் கதை ஏற்கெனவே நாலு விதமாக உலவுகிறது. அதில் ஒன்றில் நான் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தேன். என்னைத் தெரிந்தவர்களே அதைச் சொல்கிறார்கள் என்பதுதான் விசேஷம்.

எனக்குப் பிரஷர் வந்து இரண்டு வருஷம். இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் பிச்சைமணியிடம்தான் போய்க்கொண்டிருந்தேன். அவர் ஒரு மாத்திரை கொடுத்தார். பிரஷர் இறங்கவில்லை. இரண்டு கொடுத்தார். இறங்கவில்லை. மூன்றாவதையும் சேர்த்தார், பிரஷர் அதையும் தின்றுவிட்டு நூற்றெண்பதிலேயே உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டது இரண்டே கேள்வி: "உப்பு சாப்பிடுறீகளா? டென்ஷன் படுறீகளா?" மூன்றாவதாக ஒரு கேள்வி இந்த உலகத்தில் இருக்கக்கூடும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "நீங்க மாத்திரைய ஒழுங்கா முழுங்கல. முழுங்கினா இறங்காம இருக்காது" என்றார். உன் அக்கா பக்கத்தில் இருந்தாள். அன்றிலிருந்து எனக்கு மாத்திரை கொடுக்கிற வைபவம் இப்படி மாறியது: அவள் எதிரே நிற்பாள், நான் விழுங்குவேன், "ஆ காட்டுங்க" என்பாள், காட்டுவேன், "நாக்கத் தூக்குங்க" என்பாள், தூக்குவேன். அறுபத்திரண்டு வயது. நாலு ஏக்கர் வாழை. நாக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். சாப்பாட்டில் உப்பு போய்விட்டது. பிறகு ஊறுகாய், அப்பளம், கருவாடு ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ரசம் என்ற பெயரில் ஒரு சுடுதண்ணீர் வந்துகொண்டிருந்தது. இத்தனையும் செய்து பிரஷர் ஒரு புள்ளி இறங்கவில்லை. அதற்கு வீட்டில் வந்த விளக்கம், "வெளிய போயி எங்கனயோ திங்குறாக."

இனி சம்பந்தி கதை. நம் பெண் மாரீஸ்வரியைத் தேவாரம் ஊரில் கொடுத்த வீட்டில், அவள் மாமனார் ஒச்சாண்டி, முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்வு பெற்றது, விசில் ஓய்வு பெறவில்லை. அவருக்கும் பிரஷர். ஆனால் அவருடைய பிரஷர் அவரிடம் படித்த பையனைப் போலப் பயந்த பிரஷர். தம்மாத்துண்டு மாத்திரை ஒன்று, அதுவும் சிறுநீரைக் கூடுதலாக வெளியேற்றுகிற சாதாரண மாத்திரை, அதற்கே மண்டிபோட்டுவிட்டது. மனிதன் அதோடு மாத்திரைக்கு நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டுமா இல்லையா? அவர் அதைத் தன் ஒழுக்கத்துக்குக் கிடைத்த மெடலாக எடுத்துக்கொண்டார். பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கினார். போகிற வீட்டுக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போனார். கல்யாண வீடு, துக்க வீடு என்ற பேதமில்லை.

போன தை மாதம் பேரனுக்குக் காது குத்து. தேவாரத்தில் மண்டபம். நீ லீவு இல்லை என்று வரவில்லை, தப்பித்தாய். பந்திக்கு முன்னால் மனிதர் ஒரு மேஜையைப் போட்டு, வருகிற உறவுமுறைகளை வரிசையில் நிற்கவைத்துக் கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பந்தல்காலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். விடவில்லை. "சம்பந்தி! இங்கன வாங்க!" பி.டி. வாத்தியார் குரல், மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவனையும் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. போய் உட்கார்ந்தேன். மெஷின் முனகியது.

"நூத்தித் தொண்ணூறு!" என்று அறிவித்தார். மேளம் நின்றது. உண்மையிலேயே நின்றது, நாயனக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீக. வாயும் மனசும் கட்டுக்குள்ள இருந்தா மாத்திரையே எதுக்கு? எனக்குப் பாருங்க, நூத்தி இருபத்தி நாலு."

"உங்களுக்கு என்ன சம்பந்தி, நீங்க விசில் ஊதி அடக்கிருவீக" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அதோடு போயிற்றா? பந்தியில் எனக்குத் தனி இலை. பக்கத்து இலைகளில் ஆட்டுக்கறிக் குழம்பு, எனக்குத் தயிர்சோறு, அதிலும் உப்பில்லை. தண்ணீர் ஊற்ற வந்தவர்கூட நின்று பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார். கை கழுவுகிற இடத்தில் சம்பந்தி என் சட்டைப் பைக்குள் ஒரு அட்டையைத் திணித்தார். "இது என் மாத்திரை. காலைல ஒண்ணு போடுங்க. எனக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்காதா? பிரஷர்னா எல்லாருக்கும் ஒரே பிரஷர்தான சம்பந்தி."

ஏன் வாங்கினாய் என்று கேட்பாய். உன்னைப்போல் ஓசூரில் உட்கார்ந்து கேட்பது சுலபம். பெண்ணைக் கொடுத்த வீடு. உன் அக்கா, "அவுக அக்கறையாத்தான குடுக்குறாக, வாங்குங்க" என்று முழங்கையால் இடித்தாள். அதைவிட இன்னொன்றும் உண்டு, இதை உன்னோடு வைத்துக்கொள். என் அப்பா ஐம்பத்தெட்டு வயதில் களத்துமேட்டில் விழுந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஒன்றரை வருஷம் பேச்சில்லாமல் கிடந்து போனது உனக்கு ஞாபகமிருக்கும். மெஷினில் நூற்றுத் தொண்ணூறு என்று வரும்போதெல்லாம் நான் கடைவாயைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அந்த நேரத்தில் ஒரு பி.டி. வாத்தியார் இல்லை, பொம்மை விற்கிறவன் வந்து மாத்திரை கொடுத்தாலும் வாங்கித்தான் இருப்பேன்.

டாக்டரின் மூன்றோடு இதையும் சேர்த்துப் பத்து நாள் விழுங்கினேன். நாக்கையும் தூக்கிக் காட்டினேன். நாளைக்குப் பதினைந்து தடவை ஒன்றுக்கிருக்கக் கொல்லைக்குப் போனேன். அது வேலை செய்கிறது என்று உன் அக்காளுக்குப் பெருமை. ஐந்தாம் நாள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. எட்டாம் நாள் படி ஏறும்போது தொடை என்னுடையது இல்லை என்பதுபோல் இருந்தது. பதினோராம் நாள் காலை, காற்றுக் காலம் வருகிறதே என்று தார் போட்ட வாழைகளுக்குக் கம்பு முட்டுக் கொடுக்கப் போனேன். மூன்று மரத்துக்குக் கொடுத்தேன். நாலாவதற்குக் கம்பைத் தூக்கக் கை வரவில்லை. கால் மடங்கியது. வாய்க்காலில் சரிந்து உட்கார்ந்தேன், எழுந்திரு என்று காலுக்குச் சொல்கிறேன், கால் எழுந்திருக்கவில்லை. புத்தி தெளிவாக இருக்கிறது, தலைக்கு மேலே ஆடுகிற தாரில் எத்தனை சீப்பு என்றுகூட எண்ண முடிகிறது, ஆனால் மூஞ்சியில் உட்கார்ந்த ஈயை ஓட்டக் கை எழும்பவில்லை. அப்பா இப்படித்தான் கிடந்திருப்பார் என்று நினைத்தேன். மாப்பிள்ளை, அந்த இடத்தில் மட்டும் நான் அழுதேன். ஈக்குத்தான் தெரியும்.

பக்கத்துத் தோட்டத்தில் களை எடுக்கிறவர்கள் வந்து பார்த்தார்கள். "காலைலயேவா!" என்றார்கள். உன் அக்கா ஓடி வந்தாள். கட்டிய புருஷன் சேற்றில் கிடக்கிறான், முதல் காரியமாக என்ன செய்தாள் தெரியுமா? குனிந்து என் வாயை மோந்து பார்த்தாள்! வாடை இல்லை என்று உறுதியான பிறகுதான் "ஆத்தா, என்னாச்சுன்னு தெரியலையே!" என்று அலறினாள். ஆம்புலன்ஸ் கம்பம் பக்கம் போயிருந்தது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நின்ற குட்டி லாரியில், தார்களுக்கு நடுவில் என்னையும் கிடத்தி, வெயில் படாமல் இரண்டு வாழை இலையைப் போட்டு மூடித் தேனிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்து, "மார்க்கெட்டு அந்தப் பக்கம், இங்க லோடு எறக்கக் கூடாது" என்றான். நான் இலைக்கு அடியிலிருந்து, "லோடு நான்தாம்லே" என்றேன். அவன் இரண்டு அடி பின்னால் குதித்தான்.

அங்கே இருந்தது டாக்டர் மகிமா. முப்பது வயதுகூட இருக்காது. நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, முடிவு வந்ததும் என் கட்டில் ஓரத்தில் வந்து நின்றது. "ஐயா, உங்க ஒடம்புல பொட்டாசியம் ரொம்ப ரொம்பக் குறைவா இருக்கு. அதான் கை கால் ஓடல. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா இதயமே தாளம் தப்பியிருக்கும்."

"பொட்டாசியம்னா பொட்டாஷா தாயி?"

"அதேதான்னு வச்சுக்கங்க."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! "ஏம்மா, மரத்துக்கு மூணு தவண பொட்டாஷ் உரம் வைக்கிறவன் நான். என் பழத்துல இருக்க பொட்டாஷ வாங்கித் தின்னுட்டு கேரளாவே தெம்பா நடமாடுது. எனக்குப் பொட்டாஷ் குறைவா?" கையை ஆட்டிச் சொல்லலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை.

அது சிரிக்கவில்லை. உட்கார்ந்து கேள்வி கேட்டது. இரண்டு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்விகள். மூன்று மாத்திரைக்கும் இறங்காமல் எத்தனை நாளாக இருக்கிறது, முன்பே கெண்டைக்கால் பிடிக்குமா, தாகம் உண்டா, அப்பாவுக்கு என்ன வயதில் வாதம் வந்தது. நாலாவது மாத்திரை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் பதில் அப்போதுதான் விறுவிறுவென்று வார்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது, தோளில் மெஷின் பையோடு.

"நான்தான் குடுத்தேன் டாக்டர். எனக்குக் கேட்டுச்சு" என்றார் சம்பந்தி, மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"உங்களுக்குக் கேட்டது அவருக்கு ஏன் கேக்கணும்?" என்றது டாக்டர். "மெஷின் நம்பரத்தான் காட்டும், காரணத்தக் காட்டாது. ஒருத்தருக்கு ரத்தக் குழாய் இறுகியிருக்கும், ஒருத்தருக்குக் கிட்னியால வரும், ஒருத்தருக்கு ஹார்மோனால வரும். இவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஒழுகிட்டு இருந்திருக்கு. நீங்க குடுத்த மாத்திரை மிச்சத்தையும் வழிச்சு வெளிய ஊத்திருச்சு."

முப்பது வருஷம் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்த மனிதர், அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் படுத்தபடி பார்த்தேன். பாட்டில் பாட்டிலாக ஏற்றிய பொட்டாசியத்தைவிட அந்தக் காட்சி எனக்குத் தெம்பு கொடுத்தது.

பிறகு டாக்டர் எனக்கு விளக்கியதை உனக்கும் விளக்குகிறேன், கவனமாகக் கேள். கிட்னிக்கு மேலே தொப்பி வைத்த மாதிரி ஆளுக்கு இரண்டு சுரப்பி உண்டாம். அதிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்று ஒரு ஹார்மோன் வருகிறது. (பெயரை எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். நம் சம்பந்தி இன்றுவரை 'ஆல் ஸ்டேஷன்' என்றுதான் சொல்கிறார்.) அந்த ஹார்மோன் கிட்னியிடம், உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தைக் கொட்டு என்று உத்தரவு போடும். போதும் போதாது என்று பார்த்து அதை ஏவுவதற்கு ரெனின் என்று இன்னொன்று இருக்கிறது. ரெனின் அடங்கினால் அதுவும் அடங்க வேண்டும். என் உடம்பில் ரெனின் அடங்கி மூலையில் கிடக்கிறது, ஆல்டோஸ்டிரோனோ யார் பேச்சையும் கேட்காமல் பெருகிக்கொண்டே இருக்கிறது. ஆக, நான் உப்பைத் திருடித் தின்னவில்லை மாப்பிள்ளை. என் கிட்னிதான் உப்பைத் திருடி வைத்துக்கொண்டிருந்தது. பொட்டாசியத்தை ஏற்றி, பழைய மாத்திரைகளை மாற்றிக் கொடுத்து, சில வாரம் கழித்துக் காலையில் ரத்தம் எடுத்து இரண்டையும் அளந்து பார்த்தார்கள், அப்படியே இருந்தது. ஸ்கேனில் கட்டி இல்லை, இரண்டு பக்கமும் கொஞ்சம் தடிப்பு, அதனால் கத்தி வேண்டாம் என்றது டாக்டர். அந்த ஹார்மோனை மறிக்கிற மாத்திரை ஒன்று. மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை என் பிரஷர் நூற்று இருபத்தெட்டு. உப்பைப் பற்றியும் டாக்டர் சில வார்த்தை சொன்னது, அதை எழுத இங்கே இடமில்லை.

உன் அக்கா மன்னிப்புக் கேட்பாள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். ஒரு நாள் ரசத்தில் லேசாக உப்பு தட்டியது. அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். டாக்டர் பிச்சைமணியிடம் காகிதங்களைக் கொண்டுபோய் விரித்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப அபூர்வம்" என்றார். அபூர்வமில்லையாம், தேடினால் நிறையப் பேருக்குக் கிடைக்குமாம், டாக்டர் மகிமா சொன்னதை அப்படியே சொன்னேன். "உப்பக் குறைங்க" என்றார்.

சம்பந்தியோ இவர்கள் எல்லாரையும் விஞ்சிவிட்டார். இப்போது அவர் தேவாரம் கடைத்தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருப்பது என்ன தெரியுமா? "என் மாத்திரையாலதான் சம்பந்தியோட வியாதியே வெளிய வந்துச்சு. நான் மட்டும் குடுக்கலேன்னா இன்னும் உப்பில்லாச் சோறுதான் தின்னுக்கிட்டு இருப்பாக." என்னை வாய்க்காலில் தள்ளிவிட்டு, விழுந்த இடத்தில் புதையல் இருந்தது என்று பங்கு கேட்கிற மனிதரை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? ஆஸ்பத்திரியில் நான் கிடந்த மூன்று நாளும் அவர் வெளியே பெஞ்சை விட்டு அசையவில்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று மாரீஸ்வரி சொல்கிறாள். நான் நம்பவில்லை. அப்படியே இருந்தாலும் வாட்ச்மேனுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

ஆகவே மாப்பிள்ளை, உனக்கும் பிரஷர், சர்க்கரை இரண்டும் இருக்கிற காரணத்தால் சொல்கிறேன். என் தோட்டத்தில் செவ்வாழைக்கு வைக்கிற உரத்தை நாழிப்பூவனுக்கு வைக்க மாட்டேன், கேவலம் வாழைக்கே அந்த மரியாதை இருக்கிறது. ஒருத்தனுக்குக் கேட்ட மாத்திரை அடுத்தவனுக்கும் கேட்கும் என்று நினைக்கிறவன் முழு மடையன். அதை எடுத்துக் கொடுக்கிறவன் அவனைவிடப் பெரிய மடையன். இதை உன் கம்பெனி வாசலில் எழுதி வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன் வீட்டாருக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் ஆசியும். வீரபாண்டி கௌமாரி ஆத்தா உங்கள் எல்லோர் ரத்தத்தையும் அளவோடு ஓடவைப்பாளாக.

இப்படிக்கு,
பொட்டாசியம் நிறைந்த உன் மச்சான்,
முத்துக்கருப்பன்

பி.கு: இந்தக் கவருக்குள் என் மாத்திரையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று போடு. கைகண்ட மருந்து, எனக்கு நூற்றுத் தொண்ணூறே இறங்கிவிட்டது, உன்னுடைய நூற்றறுபது எம்மாத்திரம்? நீ என் தாய்மாமன் மகன், இரண்டு பேரும் ஒரே முல்லையாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள், எனக்குக் கேட்டது உனக்குக் கேட்காமல் போகாது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், அவர்கள் ஆயிரம் சொல்வார்கள்.

தம்பி வேல்பாண்டி, அக்கா எழுதுறேன். கவர ஒட்டுறதுக்கு முன்னாடி மாத்திரைய வெளிய எடுத்துட்டேன். ஒனக்குச் சக்கரை இருக்கு, கிட்னியில வேற ஏதோ சொன்னாகன்னு சொன்ன. இந்த மாத்திரை சில பேருக்குப் பொட்டாசியத்த ஏத்திவிட்டு நெஞ்சையே நிறுத்திப்புடும்னு டாக்டரம்மா இவுக மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லுச்சு. போன வாரம் தேவாரத்துக்குப் போனப்ப இவுக சம்பந்திக்கும் ஒரு அட்டை குடுத்துட்டு வந்திருக்காக, "உங்களுக்கு எதுவும் ஆகிறக்கூடாது சம்பந்தி, இது நல்லா கேக்குது"ன்னு கையப் பிடிச்சுச் சொன்னாகளாம். மாரீஸ்வரி பிடுங்கி வச்சிருக்கா. நீ திங்கக்கிழமை லீவு போட்டு அங்கன நல்ல டாக்டராப் பாத்து ரத்தம் குடு, அந்த ரெண்டு ஹார்மோனையும் அளக்கணுமான்னு கேளு. என்ன சொன்னாகன்னு எனக்குப் போன் பண்ணு. இவுகளுக்குப் பண்ணாத.